ஆண்டுக்கு எத்தனை தைராய்டு அறுவை செய்கிறீர்கள், டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 38. தென்காசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. கழுத்தில் 2.2 செ.மீ. அளவில் ஒரு கட்டி. ஊசி மூலம் எடுத்துச் சோதித்ததில் ‘பாப்பில்லரி தைராய்டு புற்றுநோய்’ என்று வந்திருக்கிறது. என் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் அறுவை செய்த எங்கள் ஊர் சர்ஜன், அடுத்த வியாழக்கிழமையே செய்துவிடலாம் என்கிறார். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். அண்ணனோ சென்னையில் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார். குரல் போய்விட்டால் என் பிழைப்பே போய்விடும். யாரிடம் போவது? ஒரு டாக்டரிடம் போய் அவருடைய அனுபவத்தைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்த வியாழக்கிழமையை விட்டுவிடுங்கள். புற்றுநோய் என்று கேட்டதும் நாளைக்கே அறுத்து எறிந்துவிட வேண்டும் என்று மனம் பதறத்தான் செய்யும். ஆனால் பாப்பில்லரி வகை பெரும்பாலும் மிக மெதுவாக வளர்வது. தகுந்த சர்ஜனைத் தேட மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொண்டால் நோய் கைமீறிப் போய்விடாது. குரல் மாறியிருந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தாலோ மட்டும் இப்படித் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் ஊர் டாக்டரின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பித்தப்பையில் கிடைத்த கைராசி தைராய்டுக்கு உத்தரவாதம் ஆகாது. தைராய்டின் பின்னால் இருபக்கமும் குரல்வளைக்குப் போகும் நரம்பு ஒட்டினாற்போல் ஓடுகிறது. சுரப்பியின் மேல்முனையருகே இன்னொரு மெல்லிய நரம்பு. அது அடிபட்டால் பேச்சு வரும், குரலை உயர்த்த முடியாது. கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி நாள் முழுதும் பேச வேண்டிய உங்களுக்கு அது பெரிய இழப்பு. இவை போக, அரிசி அளவேயான பாராதைராய்டு சுரப்பிகள், பெரும்பாலானவர்களுக்கு நான்கு. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பவை இவைதாம். சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து இவற்றைப் பிரித்தறியவே கண் பழகியிருக்க வேண்டும். இவற்றுக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டால் விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், தசைகள் இழுக்கும். சிலர் ஆயுள் முழுதும் கால்சியம் மாத்திரை சாப்பிட நேரிடும்.

அந்தப் பழக்கம் திரும்பத் திரும்பச் செய்வதால்தான் வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தைராய்டு அறுவை என்றாலே உயிருக்கு ஆபத்து. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியடோர் கோகர் என்ற சர்ஜன் ஆயிரக்கணக்கானோருக்கு இதைச் செய்து, ரத்தம் சிந்தாமல் நிதானமாகப் பிரித்தெடுக்கும் முறையை வகுத்து, மரணத்தை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2017இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, தைராய்டை முழுதாக அகற்றும் அறுவையை ஆண்டுக்கு 25க்கு மேல் செய்யும் சர்ஜன்களிடம் சிக்கல்கள் குறைவு என்று கண்டது.

ஆகவே கேளுங்கள். “டாக்டர், நீங்கள் ஆண்டுக்கு எத்தனை தைராய்டு அறுவை செய்கிறீர்கள்? உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்குக் குரல் நிரந்தரமாகக் கெட்டது, எத்தனை பேருக்குக் கால்சியம் திரும்பவே இல்லை?” பணிவாகக் கேட்டால் இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நிறையச் செய்பவர் சட்டென்று பதில் சொல்லிவிடுவார். கேட்டதற்கே முகம் சுளிப்பவர், அறுவைக்குப் பின் குரல் கரகரக்கிறது என்று நீங்கள் போய் நின்றால் எப்படிப் பேசுவார் என்று யோசியுங்கள்.

இன்னொரு கேள்வியும் முக்கியம்: பாதித் தைராய்டா, முழுவதுமா, ஏன்? உங்கள் அளவுள்ள கட்டி சுரப்பிக்கு வெளியே பரவாமலும் நிணநீர் முடிச்சுகளுக்குப் போகாமலும் இருந்தால் இரண்டுமே ஏற்கப்பட்ட வழிகள். ஒரு பாதியை மட்டும் எடுத்தால் மறுபக்கத்து நரம்பும் பாராதைராய்டுகளும் கத்தி படாமல் தப்பும். முழுவதும் எடுத்தால், மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க அயோடினைத் தேவைப்படும்போது கொடுக்க வசதி. இதை முடிவு செய்யுமுன் கழுத்தின் இருபக்க நிணநீர் முடிச்சுகளையும் அல்ட்ராசவுண்டில் பார்த்திருக்க வேண்டும். குரல் நாண்கள் சரியாக அசைகின்றனவா என்று சிறு கேமரா வைத்தும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அறுவையின்போது நரம்பைக் கண்காணிக்கும் கருவி உண்டு, நல்லதுதான். ஆனால் அதைக் காட்டி அனுபவக் குறைவை ஈடுகட்ட முடியாது. தழும்பே தெரியாமல் வாய்வழியாகச் செய்கிறோம் என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். புற்றுநோயை முழுதாக அகற்றுவதும் குரலைக் காப்பதும் முதலில், தழும்பு பிறகு.

அண்ணன் சொல்வதிலும் பாதிதான் சரி. மருத்துவமனை பெரிது என்பதற்காகப் போகாதீர்கள். பலகையில் ஒருவர் பெயர் இருக்கும், கத்தி பிடிப்பவர் வேறொருவராக இருக்கலாம். “நீங்களே செய்வீர்களா?” என்று கேளுங்கள். எண்டோகிரைன் சர்ஜரியில், அதாவது தைராய்டு போன்ற நாளமில்லாச் சுரப்பிகளின் அறுவையில், எம்.சிஎச். என்ற உயர் பட்டம் முடித்தவர்கள் இதற்கென்றே பயின்றவர்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் அதற்குத் தனித்துறையே இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் செய்கிறார்கள். தலை-கழுத்துப் புற்றுநோய் சர்ஜனோ காது மூக்கு தொண்டை சர்ஜனோ இதை நிறையச் செய்பவரானால் அவரிடமும் தயங்காமல் போகலாம். அரசு ஊழியர் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் அந்த மருத்துவமனை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஊசிப் பரிசோதனையின் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். அங்குள்ள நிபுணர் மறுபடி பார்க்க விரும்புவார். நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வகுத்த விதி.

உங்கள் ஊர் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டே போங்கள். அறுவைக்குப் பின் கால்சியம் பார்க்கவும் தைராய்டு சுரப்புக்கு ஈடாகத் தரும் தைராக்ஸின் மாத்திரையின் அளவைச் சரிசெய்யவும் அருகில் இருக்கப்போகிறவர் அவர்தான். யாரிடம் போகலாம் என்று அவரையே கேட்டாலும் நல்லது. வெளியூரில் யாரிடம் அறுவை செய்துகொண்டவர்கள் குரல் கெடாமல் திரும்பி வருகிறார்கள் என்பது உள்ளூர் டாக்டர்களுக்குத் தெரியும்.