தோட்டத்தை விக்காதீங்க அண்ணா

“ராத்திரி பூரா கறுப்பு ஸ்கிரீனைப் பார்த்துட்டே உக்காந்திருக்கானுங்க. பையன் கெட்டுப் போயிருவானோன்னு பயமா இருக்குதுங்க.” பெருந்துறைப் பக்கமிருந்து போன வாரம் மகனின் மேற்படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்க வந்த ஓர் அம்மா சொன்னது. அப்பா வாயே திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்துக் கூட வந்த பெரிய மாமன் பேசினார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் ஒன்று இருக்கிறதாம். தோட்டத்தில் ஒரு துண்டை வித்தால் முடிந்துவிடுமாம்.

பயப்படாதீங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாமன் முன்னால் சொல்ல முடியாமல் விட்டதை அப்பாவுக்கு இங்கே எழுதுகிறேன்.

அண்ணா, தோட்டத்தை விக்காதீங்க. கல்யாண வீட்டில் ஒறம்பரை, சொந்தக்காரங்க ‘பையன் என்ன படிக்கிறான்’ என்று கேட்டால் சொல்லிக்கொள்வதற்காக இவ்வளவு செலவு தேவையில்லை. புரோகிராம் எழுதுவது சலிப்பு என்று தம்பியே என்னிடம் சொன்னான். நாலு வருசம் அதையே படிக்கப் போகிறவன் அவன், மாமன் அல்ல.

அந்தக் கறுப்புத் திரைக்கு வருவோம். அதற்குப் பேர் டெர்மினல். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் லேப்டாப்பில் ‘ஐடபிள்யூ ஈவென்ட்’ (iw event) என்று ஒரு வரிக் கட்டளை அடித்துவிட்டுக் காத்திருக்கிறான். அந்த லேப்டாப்பின் வைஃபைக்கு என்ன நடந்தாலும் அந்தந்த நிமிசம் ஒரு வரி விழும்: தேடத் தொடங்கியது, இணைந்தது, அறுந்தது. கூட ‘ஹைஃபன் டி’ (-t) சேர்த்தால் நேரமும் விழும். அறுந்தால், அறுத்தது லேப்டாப்பா எதிர்ப்பக்க வைஃபைப் பெட்டியா என்றும், பெரும்பாலும் ஒரு காரண எண்ணும் வரும். 4 என்றால் ரொம்ப நேரம் சத்தமில்லாமல் இருந்ததால் கழற்றிவிட்டது. 15 என்றால் சாவி சரிபார்ப்பு நேரத்துக்குள் முடியவில்லை, பல சமயம் பாஸ்வேர்டு தப்பு. அடுத்த வீட்டு வைஃபையை அவன் ஒட்டுக்கேட்கவில்லைங்க. இதில் தெரிவது சொந்த மிசினின் கதை மட்டுமே.

தம்பியின் சித்தப்பா வேலை பார்க்கும் திருப்பூர் பனியன் கம்பெனியில், பேக்கிங் பக்கம் ஸ்டிக்கர் அடிக்கும் லேப்டாப் தினமும் விட்டுவிட்டு நின்றதாம். எல்லாரும் இன்டர்நெட் கனெக்சனைத் திட்டிக்கொண்டிருக்க, தம்பி அந்த ஒரு வரியை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டான். மறுநாள் பார்த்தால், லேப்டாப் இணைந்த வைஃபைப் பெட்டியின் முகவரி இரண்டு மாறிமாறி வந்திருக்கிறது. தையல் ஹாலில் ஒரு வைஃபைப் பெட்டி, பேக்கிங்கில் ஒன்று. நடுவில் துணி அடுக்கிய இரும்பு ரேக். லேப்டாப் இரண்டுக்கும் இடையே ஊசலாடியிருக்கிறது. பெட்டி ஒன்றை ரேக்குக்கு இந்தப் பக்கம் மாற்றினார்கள். செலவு, ஒரு ஏணியும் கொஞ்சம் கேபிளும். பதினேழு வயசுக்கு இது சின்ன காரியமா?

மில், ஆஸ்பத்திரி, குடோன் எல்லாம் இன்று வைஃபையை நம்பித்தான் ஓடுகின்றன. இதைச் சரிபார்க்கும் ஆள் வேண்டும். ஆனால் முதல் சம்பளம் மாமனிடம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஷிப்ட் நின்ற பிறகு ராத்திரியில் ஏணி ஏற வேண்டிவரும். இதைத் தம்பிக்கும் சொல்லிவிட்டேன், முகம் சுருங்கவில்லை.

பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்தவன். பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருசம் சேரலாம். கோவை அரசு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் கிடைக்குமா என்று முதலில் பாருங்க. கட்டணம் உங்களைக் கடனாளி ஆக்காது. உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்ததால், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். படிக்கும்போதே, சிஸ்கோ கம்பெனி நடத்தும் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வான சிசிஎன்ஏவுக்குத் தயாராகட்டும். டிப்ளமோ முடித்து பி.இ. வேண்டுமென்று அவனுக்கே தோன்றினால், அங்கேயும் நேராக இரண்டாம் வருசம் போகலாம். அந்தக் கதவு மூடவில்லை, அண்ணா. விற்ற தோட்டம்தான் திரும்பாது.

வர்ற புதன்கிழமை தம்பியைத் தனியா அனுப்புங்க, லேப்டாப்போடு. எங்க ஆபீஸ் வைஃபையும் மத்தியானமானால் அறுந்துபோகுது.