எஸ்கியூஎல் சர்வரில் ஒரு மணி நேரம் ஓடும் ஸ்டோர்டு புரொசீஜரில் (சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பில்) பிரிண்ட் போட்டும் எல்லா மெசேஜும் கடைசியில் மொத்தமாக வருகிறதே, ஏன்?

எஸ்கியூஎல் சர்வர் என்று சொல்லியிருப்பதால் அதற்கு மட்டும் பதில் தருகிறேன். பிரிண்ட் எழுதுவதெல்லாம் சர்வரின் பஃபரில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், போய் உட்கார்ந்துகொள்ளும். பஃபர் நிறைய வேண்டும், இல்லையென்றால் வேலை முடிய வேண்டும். ஷேர் ஆட்டோ மாதிரிதான், ஆள் சேராமல் கிளம்பாது.

பிரிண்ட்டுக்குப் பதில் ரெய்ஸ்எரர் போட்டு, கடைசியில் வித் நோவெயிட் சேருங்கள். உடனே வந்துவிடும். பெயரில் எரர் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சிவியாரிட்டி, அதாவது தீவிரத்தைச் சொல்லும் எண், 10 வரை அது வெறும் தகவல்தான். 11 கொடுத்தால்தான் ட்ரை பகுதியிலிருந்து, பிழையைக் கையாளும் கேட்ச் பகுதிக்குத் தாவிவிடும். ஒரு எரிச்சல், இப்போதைய நேரத்தைத் தரும் கெட்டேட் போன்ற ஃபங்ஷனை அதற்குள் நேராக எழுத விடாது. நேரத்தை முதலில் எழுத்தாக மாற்றி ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு அதைக் கொடுக்க வேண்டும். அப்புறம், லூப்பின் எல்லாச் சுற்றுக்கும் மெசேஜ் போடாதீர்கள். 500ஐத் தாண்டினால் நோவெயிட்டும் ஐம்பது ஐம்பதாகச் சேர்த்துத்தான் அனுப்பும்.

ஆனால் உங்கள் புரொசீஜரில் அந்த ஒரு மணி நேரமும் ஒரே அப்டேட்டில் போகிறது என்றால் இதெல்லாம் உதவாது. ஒரு ஸ்டேட்மென்ட் ஓடும்போது நடுவில் எதுவும் பேச முடியாது. எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் பெர்சென்ட் கம்ப்ளீட்டைப் பாருங்கள் என்று யாராவது சொல்வார்கள். அது பேக்கப், ரீஸ்டோர், ரோல்பேக் (செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவது) போன்ற சிலவற்றுக்குத்தான் நகரும், அப்டேட்டுக்கு 0 தான். எனவே டாப் 4000 என்று நாலாயிரம் வரிகளாகத் துண்டு போட்டு, மாறிய வரிகளின் எண்ணிக்கையான ரோகவுண்ட் 0 ஆகும்வரை சுற்றுங்கள். ஏன் 4000? ஒரே ஸ்டேட்மென்ட் சுமார் 5000 லாக் (பூட்டு) பிடித்தால் சர்வர் டேபிளையே மொத்தமாகப் பூட்டிவிடக்கூடும். பாதியில் நின்றால் பாதிதான் மாறியிருக்கும், அதனால் மறுபடி ஓட்டும்போது மீதி வரிகளை மட்டும் எடுக்கும்படி வேர் (WHERE) கண்டிஷன் அமைய வேண்டும்.

ராத்திரி, சர்வர் தானே நேரம் பார்த்து ஓட்டும் ஏஜென்ட் ஜாப்பாக ஓடினால் திரையைப் பார்க்க ஆளே இல்லை. லாக் டேபிளில் எழுதலாம். ஆனால் டிரான்சாக்‌ஷனுக்குள் எழுதினால் ரோல்பேக்கில் அந்த வரிகளும் சேர்ந்து போய்விடும். அந்த இடத்தில் நான் செஷனோடு (சர்வர் இணைப்போடு) ஒட்டியிருக்கும் சிறு குறிப்பான கான்டெக்ஸ்ட் இன்ஃபோவைப் பயன்படுத்துவேன். 128 பைட்தான், பைனரியாக மாற்றித்தான் போட வேண்டும், ஆனாலும் "துண்டு 37" என்று எழுத அது தாராளம். ரோல்பேக் அதைத் தொடாது. வேறொரு செஷனிலிருந்து இப்போது ஓடும் வேலைகளைக் காட்டும் டிஎம் எக்ஸெக் ரிக்வெஸ்ட்ஸ் வியூவில், ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம்.