மூன்று வருடம் ஓட்டிய எலக்ட்ரிக் சைக்கிளை என்ன விலைக்கு விற்பது நியாயம்?

நீங்கள் கேட்டது இதுதான்: பெடலும் மோட்டாரும் உள்ள எலக்ட்ரிக் சைக்கிள், வாங்கி மூன்று வருடம் ஆகிறது, ஓட்டம் நன்றாகவே இருக்கிறது, வாங்கிய விலையில் எத்தனை சதவீதம் கேட்கலாம்?

வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். சதவீதத்தையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். நீங்கள் விற்கப்போவது ஒரு பொருள் அல்ல, இரண்டு. ஒன்று சைக்கிள், இன்னொன்று பேட்டரி. இரண்டுக்கும் வயசாகும் வேகம் வேறு. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் சைக்கிள் பதினைந்து வருடம்கூட ஓடும். பேட்டரி நீங்கள் எவ்வளவு பொத்திப் பொத்தி வைத்தாலும் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால் இரண்டுக்கும் தனித்தனியாக விலை போட்டுக் கடைசியில் கூட்ட வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், என் முதல் எலக்ட்ரிக் சைக்கிளை வாங்க வந்த ஒரு பெரியவர். நான் வண்டியைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தி வைத்திருந்தேன். அவர் பெயின்ட் பக்கம் பார்க்கவே இல்லை. சாவியைக் கேட்டு வாங்கினார், பேட்டரியைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினார், அடியில் இருக்கும் உலோக முனைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு முனையில் லேசாகக் கருகிய தடம். “இது எவ்வளவு நாளா இருக்கு?” என்றார். நானே அதை அன்றுதான் பார்க்கிறேன். அப்புறம் பேட்டரியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்த மேட்டில் ஒரு தடவை ஏறி இறங்கினார். திரும்பி வந்து, “கிளம்பும்போது 41 வோல்ட். மேட்டுல 35க்கு இறங்குச்சு. நின்னதும் மறுபடி 40க்கு வந்துடுச்சு. சைக்கிளுக்குக் காசு தர்றேன் தம்பி, பேட்டரிக்கு என்கிட்ட கேட்காதீங்க” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் அலைந்து, அவர் சொன்னதைவிடக் குறைந்த விலைக்குத்தான் இன்னொருவருக்கு விற்றேன்.

அவர் பார்த்த விஷயம் என்னவென்றால், என் வண்டியில் இருந்தது போன்ற 36 வோல்ட் பேட்டரிக்குள் லித்தியம் செல்கள் பத்து வரிசையாக இருக்கும். முழுச் சார்ஜில் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், மொத்தம் 42. அதுவே 48 வோல்ட் என்றால் 13 வரிசை, முழுச் சார்ஜில் 54.6. செல்லுக்கு வயசாக ஆக அதன் உள்தடை, அதாவது கரன்டை உள்ளுக்குள்ளேயே தடுக்கும் அளவு, ஏறும். சும்மா நிற்கும்போது வோல்ட் சரியாகத்தான் காட்டும். மேட்டில் மோட்டார் கரன்டை இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். நல்ல பேட்டரி அந்த இடத்தில் இரண்டு வோல்ட் போலத்தான் இறங்கும். ஐந்து, ஆறு என்று விழுந்தால் அது ஓய்வுபெறத் தயாராகிவிட்டது. “டிஸ்ப்ளேயில் எல்லாக் கட்டமும் ஃபுல்லா காட்டுது” என்று விளம்பரத்தில் எழுதுவதில் அர்த்தமே இல்லை. நிற்கிற வண்டியில் எல்லாமே ஃபுல்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். முதலில் அடிப்படை விலை. அதே மாடல், அது இல்லையென்றால் அதே தரத்தில் இன்னொன்று, இன்றைக்குப் புதிதாக என்ன விலை என்று பாருங்கள். எலக்ட்ரிக் சைக்கிளில் புது மாடல் வந்ததும் பழைய மாடலைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவது சகஜம். அப்படித் தள்ளுபடியில் புதுசே கிடைக்கிறது என்றால் அந்த விலைதான் உங்கள் உச்சவரம்பு. நீங்கள் மூன்று வருடத்துக்கு முன்னால் அதிகம் கொடுத்தது வாங்குபவரின் கவலை இல்லை. கசப்பாக இருக்கும், ஆனால் சந்தை அப்படித்தான். அடுத்து, அந்த வண்டிக்குப் பொருந்தும் புது பேட்டரி தனியாக என்ன விலை என்று விசாரியுங்கள். இதைப் பலரும் செய்வதே இல்லை. விசாரித்துப் பார்த்தால் மொத்த விலையில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ பேட்டரிக்கே போவது தெரியும்.

பேட்டரியே கிடைக்கவில்லை, கம்பெனி மூடிவிட்டது, அல்லது அந்த மாடலுக்கு ஸ்பேர் நின்றுவிட்டது என்றால் கதை வேறு. ஃப்ரேமுக்குள் பொருந்தும் மாதிரி செய்த பேட்டரிக்கு வெளியில் மாற்று கிடைப்பது கஷ்டம். அப்போது பேட்டரி சாகும் அன்றைக்கு வண்டியே கனமான சாதாரண சைக்கிளாகிவிடும். அதற்கேற்ப சைக்கிள் பங்கையும் நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பேட்டரியின் மீதி ஆயுள். லேபிளில் வோல்ட், ஆம்பியர்-ஹவர் இரண்டும் இருக்கும், பெருக்குங்கள். 48 வோல்ட், 10.4 ஆம்பியர்-ஹவர் என்றால் கிட்டத்தட்ட 500 வாட்-ஹவர். இது பிறந்த அன்றைய கொள்ளளவு. இன்றைக்கு எவ்வளவு என்று தெரிய, மோட்டார் தானாக நிற்கும்வரை ஓட்டித் தீர்த்துவிட்டு, சுவர் பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவில் மின்சாரம் அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றைச் செருகி, முழுதாகச் சார்ஜ் போடுங்கள். பச்சை விளக்கு வந்ததும் மீட்டர் எத்தனை வாட்-ஹவர் காட்டுகிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜர் சூடாவதில் 10 முதல் 15 சதவீதம் வீணாகும், அதைக் கழியுங்கள். மீட்டர் 480 காட்டினால் உள்ளே போனது ஏறக்குறைய 415. அதாவது பேட்டரி 83 சதவீதத்தில் இருக்கிறது.

பாஷ், ஷிமானோ மாதிரி கம்பெனிகளின் மோட்டார் உள்ள வண்டியாக இருந்தால் அவர்களின் டீலர் கணினியில் மாட்டிப் பார்ப்பார். எத்தனை முறை முழுச் சார்ஜ் ஆகியிருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதெல்லாம் அதில் வந்துவிடும். அந்த ஒரு தாளுக்குக் கொடுக்கிற காசு பேரத்தில் திரும்பி வரும்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். 83 சதவீதம் இருக்கிறது, அதனால் புது பேட்டரி விலையில் 83 சதவீதம் கேட்கலாம் என்று நினைப்பது தப்பு. பேட்டரி பூஜ்யம் வரைக்கும் பயன்படாது. 65, 70 சதவீதத்துக்கு வந்ததுமே தூரம் குறையும், மேட்டில் திணறும், பெரும்பாலானோர் மாற்றிவிடுவார்கள். ஆகவே 100க்கும் 65க்கும் நடுவில் உள்ள 35 புள்ளிகள்தான் அதன் உண்மையான ஆயுள். 83இல் இருப்பதென்றால் 18 புள்ளிகள் மிச்சம், அதாவது பாதிதான். பேட்டரி விலையில் பாதிக்கு மேல் கேட்க நியாயமில்லை.

“ஓட்டவே இல்லை, மூன்று வருடத்தில் 200 கிலோமீட்டர்தான்” என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த வண்டிகள்மேல்தான் சந்தேகம் அதிகம். லித்தியம் செல் சும்மா இருந்தாலும் வயசாகும். முழுச் சார்ஜோடு வெயில் படும் அறையில் மாதக்கணக்கில் கிடந்தால் இன்னும் வேகமாக. அதைவிட மோசம், தீர்ந்த நிலையில் அப்படியே போட்டுவைப்பது. மெல்ல மெல்ல மேலும் இறங்கி, செல் உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகும். குறைந்த கிலோமீட்டருக்குச் சைக்கிள் பக்கம் கூடுதல் விலை கொடுக்கலாம், பேட்டரியை அளக்காமல் நம்பக் கூடாது.

இனி சைக்கிள் பாகம். எலக்ட்ரிக் சைக்கிள் பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல். அந்த எடையில், அந்த வேகத்தில் பிரேக் பேட், டயர், செயின் எல்லாம் சாதாரண சைக்கிளைவிடச் சீக்கிரம் தேயும். மோட்டார் பெடல் அருகே நடுவில் இருந்தால் அதன் முழு இழுப்பும் செயின் வழியாகத்தான் போகும், அதனால் செயினோடு பின்சக்கரப் பல்சக்கரங்களையும் கண்டிப்பாகப் பாருங்கள். மோட்டார் பின்சக்கரத்துக்குள் இருந்தால் செயின் தப்பிக்கும், ஆனால் ஆரக்கம்பிகள் அறுந்து போயிருக்கலாம். இப்படிச் சக்கரத்துக்குள் இருப்பதுதான் ஹப் மோட்டார், அதில் கியர் உள்ள வகையில் நைலான் பல்சக்கரங்கள் உண்டு. கறகறவென்று அரைக்கும் சத்தம் வந்தால் அவை தேய்ந்திருக்கும்.

உருப்படியான நிலையில் உள்ள மூன்று வருடச் சைக்கிளுக்கு, பேட்டரி நீங்கலாக, புது விலையில் 50 முதல் 60 சதவீதம் என்று நான் வைப்பேன். இது என் அனுபவக் கணக்கு, சட்டமில்லை. கடையை விட்டு வெளியே வந்த அன்றைக்கே கால் பங்கு போய்விடும், அப்புறம் இறக்கம் நிதானமாகிவிடும்.

எண்ணாகவே பார்த்துவிடுவோம். இன்றைய புது விலையை 100 பங்கு என்று வையுங்கள். புது பேட்டரி 28 பங்கு. மீதி 72 சைக்கிள், அதில் 55 சதவீதம் என்றால் 40. பேட்டரி 83 சதவீதத்தில் இருப்பதால் 28இல் பாதி 14, வாரன்டி தீர்ந்ததற்காக 2 கழித்தால் 12. கூட்டினால் 52. செயினும் பிரேக் பேடும் உடனே மாற்ற வேண்டியிருந்தால் அதற்கு 5 போகும். கடைசியில் நிற்பது 47. விளம்பரத்தில் 50 போடுங்கள், 44க்குக் கீழே இறங்காதீர்கள். இதே வண்டியை நீங்கள் அன்றைக்கு 120 கொடுத்து வாங்கியிருந்தால், “அறுபது சதவீதம் கேட்போம்” என்று மனக்கணக்குப் போட்டு 72இல் நின்றிருப்பீர்கள். ஒரு போன்கூட வராது.

கூடுதலாகச் செலவழித்த விளக்கு, கேரியர், மெத்தென்ற சீட் இவற்றுக்கெல்லாம் போட்ட காசு திரும்பாது. வேண்டுமானால் பேரத்தில் இலவசமாகச் சேர்த்துக் கொடுங்கள். ஆனால் ஒரிஜினல் சார்ஜர், பேட்டரியின் இரண்டு சாவிகள், வாங்கிய ரசீது, இந்த மூன்றும் உண்மையிலேயே விலையைத் தாங்கிப் பிடிக்கும். ரசீதும் ஃப்ரேமில் பொறித்த எண்ணும் பொருந்தவில்லை என்றால் திருட்டு வண்டியோ என்று எவரும் யோசிப்பார்கள், நானாக இருந்தால் தொடவே மாட்டேன். வாரன்டி மிச்சமிருந்தால் அது அடுத்தவர் பெயருக்கு மாறுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல கம்பெனிகள் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான் தருகின்றன. வேக வரம்பை எடுத்துவிட்டு ஓட்டிய வண்டி என்றால் அதை மறைக்காதீர்கள். அதற்கு வாரன்டியும் நிற்காது, மோட்டாரும் கூடுதலாக உழைத்திருக்கும்.

ஒரு சின்ன விஷயம். வெளியூர்க்காரர் அதிக விலை சொன்னால் உடனே சந்தோஷப்படாதீர்கள். பயணிகள் விமானத்தில் 160 வாட்-ஹவருக்கு மேல் உள்ள லித்தியம் பேட்டரியைக் கொண்டுபோக முடியாது, பார்சல்காரர்களும் யோசிப்பார்கள். வண்டியில் வந்து எடுத்துப்போகிற தூரத்தில் உள்ளவர்கள்தான் உங்கள் சந்தை.

பேட்டரி உப்பியிருந்தாலோ, கீழே விழுந்து நசுங்கியிருந்தாலோ, யாரோ பிரித்துச் செல் மாற்றியிருந்தாலோ அதற்கு விலையே போடாதீர்கள். அதைத் தனியாக மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டு, சைக்கிளைப் பேட்டரி இல்லாமல் விற்கலாம். அதே மாடல் வைத்திருக்கும் யாராவது உதிரிக்காகவாவது வாங்கிக்கொள்வார்கள்.

உங்கள் கேள்வியில் லேபிளில் உள்ள எண்களும் இல்லை, மோட்டார் நடுவிலா சக்கரத்திலா என்பதும் இல்லை. ஒரு ராத்திரி மீட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு அந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், உங்கள் வண்டிக்கே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.