தூண்டிலோடு பாடத்தையும் எடுத்துப் போகலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: என் மகளுக்கு 9 வயது, மகனுக்கு 13. என்னோடு தூண்டில் போட வருவதென்றால் இருவருக்கும் அவ்வளவு ஆசை. பாடப்புத்தகத்தைத் திறந்தால் மட்டும் பத்து நிமிடம் தாங்காது. மீன் பிடிக்கப் போகும் நாளிலேயே கொஞ்சம் கணக்கும் அறிவியலும் சொல்லித்தர முடியுமா? போன முறை முயன்றபோது, "இங்கேயும் பாடமாப்பா?" என்று மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

உங்கள் மகள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. "இது நெம்புகோல், இது மிதப்பு விசை" என்று பெயர் சொல்லத் தொடங்கிவிட்டால் கரையும் வகுப்பறை ஆகிவிடும். அதனால் கரையில் கேள்வி மட்டும் போதும். பெயரும் விளக்கமும் வீட்டுக்கு வந்த பிறகு வரட்டும். ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு கேள்வி. அதுவும் பிள்ளை முதலில் ஊகித்துச் சொல்லி, அப்புறம் தன் கையாலேயே சோதித்துப் பார்க்கிற கேள்வியாக இருக்க வேண்டும்.

முதல் பயணத்துக்கு நான் கொடுப்பது இதைத்தான். கரையோரம் தெளிந்த, ஆழமில்லாத இடத்தில் வெள்ளைக் கூழாங்கல் ஒன்றைப் போடுங்கள். மகள் கையில் ஒரு நீளக் குச்சி. சற்றுச் சாய்வாகப் பார்த்து, கண்ணுக்குக் கல் தெரிகிற திசையிலேயே ஒரே குத்தாகக் குத்தச் சொல்லுங்கள். குச்சி கல்லுக்கு மேலாகப் போய் அதற்கு அப்பால் தரையில் ஊன்றும். இரண்டாவது முறையும் அப்படித்தான் ஆகும். பிள்ளைகள் குச்சியை வெளியே எடுத்து, வளைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தத் தடவல்தான் பாடம் தொடங்கும் இடம். அப்போது எதுவும் சொல்லாதீர்கள். கல்லுக்குச் சற்றுக் கீழே குறிவைத்தால் படும் என்று அவளே கண்டுபிடிக்கட்டும். தண்ணீரைவிட்டு வெளியே வரும்போது ஒளி வளைவதால், கல் இருக்கும் இடத்தைவிட மேலே தெரிகிறது. ஈட்டியால் மீன் குத்துகிறவர்கள் மீன் தெரியும் இடத்துக்குக் கீழே குறிவைப்பதும் இதனால்தான்.

அடுத்தது அளவு. குச்சியில் சென்டிமீட்டர் கோடுகள் போட்டு வைத்திருந்தால், ஆழம் எவ்வளவு இருக்கும் என்று நேர் மேலிருந்து பார்த்து ஊகிக்கச் சொல்லிவிட்டு அளந்து பாருங்கள். 40 சென்டிமீட்டர் ஆழம் கண்ணுக்குச் சுமார் 30 போலத் தெரியும். ஒளி எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு ஏறக்குறைய 1.33. அதனால் மேலிருந்து பார்க்கும்போது உண்மையான ஆழத்தில் முக்கால் பங்குதான் தெரிகிறது. இந்த முக்கால் உங்கள் மகளுக்குப் பின்னக் கணக்கு, மகனுக்கு ஒளியியல். ஆழம் குறைவாகத் தெரிந்ததை நம்பித் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதும் இதிலேயே புரிந்துவிடும். நூறு எச்சரிக்கையைவிட இது மனதில் நிற்கும்.

தூண்டில் கோலில் இருப்பது நெம்புகோல். கோலின் அடியைப் பிடித்த கை ஆதாரப்புள்ளி, மேலே பிடித்த கை தருவது திறன் (தூக்கும் விசை), நுனியில் தொங்குவது பளு. இரண்டு கைகளுக்கும் நடுவே 40 சென்டிமீட்டர், அடிக்கையிலிருந்து நுனிவரை 2 மீட்டர் என்றால், மேல்கை ஓர் அங்குலம் அசைய நுனி ஐந்து அங்குலம் போகும். அதற்கு விலையாக, கோலைக் கிடையாகப் பிடித்துத் தூக்கும்போது 100 கிராம் மீன்கூடக் கைக்கு அரைக் கிலோ போலக் கனக்கும். கோலின் சொந்த எடை தனி. கைகளை நெருக்கியும் அகட்டியும் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

மீன் கிடைத்தால் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இங்கே எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: 20 சென்டிமீட்டர் மீன் 100 கிராம் என்றால், அதே வகையில் 40 சென்டிமீட்டர் மீன் எவ்வளவு இருக்கும்? எல்லாப் பிள்ளைகளும் 200 என்பார்கள். ஏறக்குறைய 800 இருக்கும். நீளத்தோடு அகலமும் தடிப்பும் இரட்டிப்பாகின்றனவே! வீட்டுக்கு வந்து தாயக்கட்டைகளை இரண்டுக்கு இரண்டுக்கு இரண்டாக அடுக்கி எண்ணச் சொல்லுங்கள். எட்டு வரும்.

காத்திருக்கும் நேரம் உயிரியலுக்கு. உச்சி வெயிலில் மீன் ஏன் ஆழத்துக்கும் நிழலுக்கும் போகிறது? வெளிச்சம் ஒரு காரணம், சூடு இன்னொன்று. 10 டிகிரி நீர் ஒரு லிட்டரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். பிடித்த மீனை வாளித் தண்ணீரில் சிறிது நேரம் வைத்து, செவுள் மூடி 15 விநாடியில் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணி நான்கால் பெருக்கலாம். கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும். உலர்ந்த கை மீனின் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். அந்தப் படலம்தான் நோய்க்கிருமிகளிடமிருந்து அதைக் காக்கிறது.

உங்கள் மகன் ஒருநாள் கட்டாயம் கேட்பான், "இங்கே மொத்தம் எத்தனை மீன் இருக்கும்?" என்று. மழை பெய்து வெளியே போக முடியாத நாளுக்கு அதை எடுத்து வையுங்கள். ஒரு பாத்திரம் நிறைய அவரை விதை. அதில் 30 விதையில் மையால் குறி போட்டு, திரும்பக் கொட்டி நன்றாகக் குலுக்கி, கண்ணை மூடி 40 எடுக்கட்டும். அதில் குறியுள்ளவை 6 என்றால், 30-ஐ 40-ஆல் பெருக்கி 6-ஆல் வகுக்க மொத்தம் சுமார் 200. பிறகு ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்க்கலாம். மீன் ஆய்வாளர்கள் குறியிட்டு விட்ட மீன்களை மறுபடி பிடித்துக் கணக்கிடுவதும் இதே முறையில்தான்.

வரலாறு, இலக்கணம் இவற்றையெல்லாம் வலிந்து உள்ளே இழுக்க வேண்டாம். மொழிக்கு, உடன் வராத ஒருவரிடம் அன்று நடந்ததைப் பிள்ளை சொல்லட்டும், அது போதும்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தண்ணீர் அருகே இருவருக்கும் மிதவை அங்கி வேண்டும். தூண்டிலை வீசும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. தூண்டில் முள்ளின் எதிர்நாக்கை, அதாவது நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரை, இடுக்கியால் நசுக்கி மழுக்கிவிட்டால் மீனுக்கும் நல்லது, விரலில் ஏறினாலும் சிரமமில்லாமல் வந்துவிடும். ஈயக் குண்டைப் பல்லால் கடித்துத் தூண்டில் நரம்பில் பொருத்துகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், பிள்ளைகள் பார்த்துச் செய்வார்கள். ஈயம் நஞ்சு; தொட்ட கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், பென்சில், அளவுநாடா. பையில் இவ்வளவு இருந்தால் சரி. நோட்டில் என்ன நினைத்தோம், என்ன நடந்தது என்று இரண்டே வரி. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தக்கை அமிழ்ந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் கோலை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.