பத்தாயிரம் ரூபாய்க்காகப் போன கான்டெஸா

கேள்வி: வாங்குவதற்கு நெருங்கிப் போய், விட்டுவிட்டு, பிறகு வருந்திய கார் உங்களுக்கு உண்டா? போன மாதம் ஒரு பழைய ஜிப்ஸியைப் பார்த்துவிட்டு, "யோசித்துச் சொல்கிறேன்" என்று வந்தேன். மறுநாளே விற்றுவிட்டதாம்.

"யோசித்துச் சொல்கிறேன்." இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நானும் அதையேதான் சொன்னேன்.

உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. மைலேஜ் என்ன, எங்கே நிறுத்துவது, ஸ்பேர் கிடைக்குமா, இந்த விலைக்குப் புது ஸ்கூட்டர் இரண்டு வருமே என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். நீங்களும் வீட்டில் வேண்டாம் என்றார்கள் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நான் நினைப்பது தப்பாக இருந்தால் மன்னியுங்கள். என் விஷயத்தில் பழி சொல்ல வீட்டைவிட வசதியான ஆள் கிடைத்தது. பண மதிப்பிழப்பு. எட்டு வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வண்டி 1994 மாடல் கான்டெஸா கிளாசிக், 1.8 பெட்ரோல். சந்தன நிறம்.

தெரியாதவர்களுக்காக: அம்பாசடர் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை தயாரித்த கார் இது. உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸால் கம்பெனி செய்த விக்டர் காருடையது. அங்கே அந்த மாடலை நிறுத்திய பிறகு அதன் அச்சுகளை வாங்கி இங்கே கொண்டுவந்தார்கள். முதலில் அவ்வளவு பெரிய உடம்புக்குள் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினையே வைத்தார்கள். எருமைக்கு ஆட்டுக்கால் வைத்த மாதிரி மேட்டில் முக்கும். பிறகுதான் ஜப்பான் கம்பெனி இசுஸுவின் 1817 சிசி எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. 88 குதிரைத்திறன். இன்றைக்கு அது ஒன்றுமில்லை. அன்றைக்கு கோவை அவிநாசி ரோட்டில் ஒரு கான்டெஸா கடந்து போனால், யாருடைய வண்டி என்று நின்று பார்ப்பார்கள்.

எங்கள் அப்பா மில் ஃபிட்டர். நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மில் கேட்டுக்குப் போவேன். முதலாளியின் கான்டெஸா வந்தால் வாட்ச்மேன் கேட்டை இரண்டு பக்கமும் முழுசாகத் திறப்பார். அம்பாசடருக்கு ஒரு பக்கம்தான். சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி நிற்பார்கள், அப்பாவும் சேர்த்து. எனக்கு முதலாளி முகம் ஞாபகமில்லை. முன்னால் ஜோடி ஜோடியாக நான்கு வட்ட விளக்குகள் இருந்ததும், வண்டி போன பிறகு கொஞ்ச நேரம் நின்ற பெட்ரோல் வாசனையும்தான் ஞாபகம்.

சரி, 2016க்கு வருகிறேன். கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. தேங்காய் மட்டை உரிக்கும் மெஷினுக்கு ஷாஃப்ட் கடைய வந்த ஒருவர் பேச்சுவாக்கில், நெகமம் பக்கம் ஒரு பெரியவர் கான்டெஸாவை விற்கப்போவதாகச் சொன்னார். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தேங்காய்க் கொட்டகைக்குப் பக்கத்தில் தகர ஷெட். வண்டிமேல் கடையில் வாங்கிய கவர் இல்லை. பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துப் போட்டிருந்தார்கள். பச்சைக் கரை, மயில்கண் கரை எல்லாம் வண்டியின் கூரைமேல் வரிவரியாக ஓடின. "அம்மிணி தச்சதுங்க" என்றார் பெரியவர். அவர் மனைவி, அந்த அம்மா இரண்டு வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டாராம். பெரியவருக்கோ கண்ணில் புரை. மகன் வெளியூரில் இருக்கிறார், அவர் ஆட்டோமேட்டிக் தவிர வேறெதையும் தொட மாட்டாராம்.

சோக்கை இழுத்து, செல்ஃப் அடித்தார். மூன்றாவது தடவை பிடித்தது. இரண்டு நிமிடம் இருமிவிட்டு ஒரு சீராக நின்றது. நான் நாளெல்லாம் மெஷின் சத்தத்தில் உட்கார்ந்திருக்கிறவன், பேரிங் போகப்போவதை ஒரு வாரம் முன்பே காதால் சொல்லிவிடுவேன். அந்த எஞ்சினில் டேப்பட் சத்தம், அதாவது வால்வுப் பக்கத் தட்டல், லேசாக இருந்தது, வேறு ஒன்றுமில்லை. மெக்கானிக் என்னைப் பார்த்து, விலை பேசும்போது முகத்தில் ஆசையைக் காட்டாதே என்கிற மாதிரி கண்ணைச் சுருக்கினார்.

டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு நோட்டு. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, அட்டைக்கு பிரவுன் பேப்பர் போட்டு லேபிள் ஒட்டியது. பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், மீட்டர் ரீடிங் எல்லாம் நீல மையில், ஒரே கையெழுத்தில். ஓரத்தில் சின்னதாகக் காரணம்: "மருதமலை". "பெதப்பம்பட்டி கல்யாணம்". "பழனி, மழை". கடைசிப் பக்கங்களில் "கோவை ஆஸ்பத்திரி" என்று மட்டும் வரிசையாக வந்தது. நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் என் புத்தியைக் காட்டினேன். டிரைவர் சீட்டுக்குக் கீழே ரப்பர் மேட்டைத் தூக்கினால், தரையில் துரு தின்று ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. குனிந்து பார்த்தால் கீழே மண் தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், விலையைக் குறைக்க ஒரு பிடி கிடைத்ததே என்று.

அவர் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சொல்லியிருந்தார். ஓட்டையைக் காட்டியதும் முப்பதுக்கு வந்தார். நான் இருபதிலேயே நின்றேன். அதற்கு அவர் விலையைப் பற்றிப் பேசவேயில்லை.

"தம்பி, நீங்க ஓட்டுவீங்களா, நிறுத்தி வெப்பீங்களா?" என்றார்.

நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. "ஃப்ளோர் பூரா பேட்ச் ஒர்க் பண்ணணுமுங்கய்யா, டிங்கரிங் செலவு இருக்குது, யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றேன். அட்வான்ஸாக ஆயிரம் ரூபாய்கூடக் கொடுக்கவில்லை.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் பட்டறையிலேயே கேஸ் வெல்டிங் இருக்கிறது. தகடு இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்க எனக்கு அரை நாள் போதும், செலவு சில நூறு ரூபாய்.

தீபாவளி முடிந்து ஆட்களுக்கு போனஸ் கொடுத்ததுபோக பீரோவில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் இருந்தது, எல்லாம் ஐநூறும் ஆயிரமும். வியாழக்கிழமை வருகிறேன் என்று பெரியவருக்கு போன் பண்ணினேன். செவ்வாய்க்கிழமை, நவம்பர் 8, ராத்திரி எட்டு மணிக்கு ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மனைவி சீரியலை நிறுத்திவிட்டு பீரோவைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

இதுவரைக்கும்தான் எல்லோரிடமும் சொல்வேன். கேட்கிறவர்களும் "அய்யய்யோ, இரண்டு நாளில் போச்சே" என்பார்கள். இனிமேல் எழுதப்போவதை என் மனைவியிடமே போன வருடம்தான் சொன்னேன்.

மறுநாள் காலையில் பெரியவருக்கு போன் பண்ணி நிலைமையைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "அதுக்கென்னுங்க தம்பி, செக்கா குடுங்க, பாஸானதும் வண்டிய எடுத்துக்குங்க" என்றார். என்னிடம் செக் புத்தகம் இருந்தது, பட்டறைக் கணக்கில் பணமும் இருந்தது. ஆனால் என் மூளை வேறு கணக்குப் போட்டது. ஊரில் ஒருவர் கையிலும் காசு இல்லை, இந்த நேரத்தில் யார் பழைய கான்டெஸா வாங்குவார்கள்? பத்து இருபது நாள் போனால் ஒரு லட்சத்துப் பத்துக்கே இறங்கி வருவார். "கொஞ்ச நாள் போகட்டுங்கய்யா" என்றேன்.

மாதக் கடைசியில் கூப்பிட்டேன். வண்டி போய்விட்டது. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்து, ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்தை வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிட்டு ஓட்டிக்கொண்டு போனானாம். ஓட்டையைப் பற்றிக் கேட்டானா என்றேன். "பார்த்தானுங்க. ஒண்ணும் சொல்லலீங்க. ஓட்டத்தான் வாங்கறேன்னான்" என்றார். நோட்டையும் அவனே கேட்டு வாங்கிக்கொண்டானாம்.

அந்த ஒரு லட்சத்து முப்பதாயிரத்தின் கதை தனி. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வங்கி வரிசையில் நின்று கட்டினேன். கட்டியது எப்படித் தெரிந்ததோ, டிசம்பரில் சகலை வந்தார். பையனுக்குக் காலேஜ் ஃபீஸ், ஒரு லட்சம் கைமாத்து, தை பிறந்ததும் தந்துவிடுகிறேன் என்றார். எந்தத் தை என்று சொல்லவில்லை. 2019இல் புதுசாக ஒரு பெரிய வெள்ளை வண்டி வாங்கி, எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, லட்டு டப்பா கொடுத்து, "பழைய வண்டி வாங்கறதெல்லாம் ஏமாளித்தனம் சகலை" என்று எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். 2021இல் அறுபத்தைந்தாயிரம் திரும்பி வந்தது, மீதியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் பெண் சீருக்கு நான் ஐயாயிரத்து ஒன்று மொய் எழுதினேன். என் பையன் காதுகுத்துக்கு அவர் எழுதியது ஐநூற்றி ஒன்று. மொய் நோட்டு வீட்டில் இருக்கிறது, வேண்டுமானால் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன். போட மாட்டேன், மனைவி இதைப் படிப்பாள்.

இனி பின்னூட்டத்தில் சண்டைக்கு வருகிறவர்களுக்கு. மைலேஜ் எட்டு, ஒன்பதுதான் வரும், தெரியும். நான் தினமும் பட்டறைக்கு டூவீலரில்தான் போகிறேன், இது ஞாயிற்றுக்கிழமை வண்டியாக இருந்திருக்கும். முன் கண்ணாடியும் கதவு ரப்பரும் கிடைப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புஷ், பின், ஷாஃப்ட் மாதிரி எது தேய்ந்தாலும் கடைகிறவன் நான்.

"பதினைந்து வருடம் ஆனால் காயலான் கடைக்குத்தானே போகணும்" என்று எப்போதும் ஒருவர் வருவார். ஐயா, டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து வருடம் என்ற அந்தத் தடை டெல்லிப் பகுதிக்கு வந்தது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்குப் பதினைந்து வருடம் முடிந்ததும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யை (பதிவுச் சான்று) ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். இருபது வருடத்தைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. என்னிடம் அந்த வண்டி இருந்திருந்தால் 2019இல் ஒரு 600, 2024இல் ஒரு 5,000. இரண்டையும் கூட்டினாலும் நான் பேரம் பேசிய பத்தாயிரம் வரவில்லை. ஆமாம், உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அந்த வண்டியா? பெட்ரோல் குடிக்கும்டா, விட்டதே நல்லது" என்றார். அவருக்கு அந்தக் கார் மேல் எந்த ஆசையும் இருந்ததாகத் தெரியவில்லை. நான்தான் அவருக்கும் சேர்த்து ஆசைப்பட்டிருக்கிறேன் போல.

உங்கள் ஜிப்ஸி விஷயத்தில் ஒன்றே ஒன்று. விற்றவரிடம், வாங்கியவர் நம்பரைக் கேட்டு வையுங்கள். ஆசைப்பட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஒரு வருடத்தில் அலுத்துப்போய் விற்கிறார்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை.

போன வருடம் குருவாயூர் போய்விட்டுத் திரும்பும்போது வாளையார் டோலில் எங்களுக்கு இரண்டு வண்டி முன்னால் ஒரு கான்டெஸா நின்றது. கரும்பச்சை அடித்து, வீல் மாற்றியிருந்தார்கள். நம்பர் டிஎன் 37, கோவைப் பதிவு. ஃபாஸ்டேக் படிக்காமல் வரிசை நின்றுவிட்டது. தாடி வைத்த ஒரு பையன் கதவைத் திறந்து, ஒரு காலைக் கீழே ஊன்றி டோல்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பின் சீட்டில் ஒரு பாட்டியும் இரண்டு குழந்தைகளும், மடியில் ஒரு வாழைக்குலை.

"ஏனுங்க, அதே வண்டிதானுங்களா?" என்றாள் மனைவி.

"இல்ல, அது வேற" என்றேன்.