துணியில் எம்.எஸ்., துணியில் ராஜரத்தினம்: பொம்மைத் தையல் கேள்வி – பதில்

கொலுவில் வைக்க எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவைத் துணிப் பொம்மையாகச் செய்கிறேன். உயரம் 40 செ.மீ. முகத்தை எத்தனை முறை திருத்தினாலும் யாரோ ஒரு மாமி போலத்தான் வருகிறது. சாயல் வர என்ன வழி?
– வாசகி, ஸ்ரீரங்கம்

முதலில் மேசையில் இருக்கும் படங்களைப் பாருங்கள். நாலைந்து வெவ்வேறு காலத்துப் படங்களைக் கலந்து பார்த்துச் செய்தால் பொதுவான ஒரு முகம்தான் கிடைக்கும். 1940களின் எம்.எஸ். வேறு, 1966 அக்டோபரில் ஐ.நா. சபையில் பாடிய எம்.எஸ். வேறு, 1998இல் பாரத ரத்னா பெற்ற எம்.எஸ். வேறு. ஒரு காலத்தை முடிவு செய்து, அந்தக் காலத்துப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்து, முகத்தைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். உங்கள் பொம்மையின் தலை ஆறரை செ.மீ. தான் இருக்கும். அதில் கண்ணின் ஓரம் ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் ஆள் மாறிவிடும். சாயலில் பெரும்பங்கு உட்காரும் தோரணையிலும், கொண்டையிலும், புடவைக் கட்டிலும், தம்புராவின் உயரத்திலும் இருக்கிறது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கண், மூக்கு எதுவும் இல்லாத வெற்று முகத்தோடு பொம்மையை உடுத்தி உட்காரவைத்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அப்போதே எம்.எஸ். என்று தெரிந்தால் முகத்தில் கை வைக்கலாம். தெரியாவிட்டால் குறை வேறெங்கோ இருக்கிறது.

ஐந்தேகால் அடிப் பெண் 40 செ.மீ. ஆகும்போது எல்லாமே நாலில் ஒரு பங்கு. சுமார் மூன்றரை அடித் தம்புரா 26 செ.மீ. ஆகும். சம்மணமிட்டு உட்கார்ந்த பொம்மையின் உயரம் சுமார் 21 செ.மீ. ஆக, நிமிர்த்திப் பிடித்த தம்புரா தலைக்கு மேலே நன்றாக எழும்பி நிற்க வேண்டும். கடையில் கிடைக்கும் 15 செ.மீ. பொம்மைத் தம்புராவைக் கையில் கொடுத்தால், முகம் எவ்வளவு அழகாக அமைந்தாலும் சின்னப் பெண் விளையாட்டுச் சாமானோடு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். குடத்துக்கு ஏழரை செ.மீ. தெர்மகோல் உருண்டையில் காகிதக்கூழ் பூசிக்கொள்ளுங்கள். தண்டிக்கு (குடத்திலிருந்து நீளும் கழுத்துப் பகுதி) 8 மி.மீ. மரக்குச்சி போதும். தந்தி நாலு, ஜரிகை நூலில்.

புடவையில் அளவைக் கொஞ்சம் மீற வேண்டியிருக்கும். ஐந்தரை மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 137 செ.மீ. நீளம் வருகிறது. ஆனால் துணியின் தடிமன் நாலில் ஒன்றாகக் குறைவதில்லையே! முழு நீளத்தையும் சுற்றினால் இடுப்பு உப்பிவிடும். 100 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் போதும், கொசுவம் நாலு மடிப்போடு நிறுத்துங்கள். கெட்டியான காஞ்சிப் பட்டின் துண்டு வேண்டாம், அது மடிப்பில் நிற்காமல் விறைக்கும். பழைய மென்பட்டு அல்லது மல் துணி எடுத்து ‘எம்.எஸ். புளூ’ சாயம் ஏற்றுங்கள். மயில்கழுத்துப் பச்சை பக்கம் போகாமல், ஆழமான நீலமாகவே இருக்கட்டும். பார்டருக்கு இரண்டரை செ.மீ. ஜரிகை லேஸ். துணியையும் லேஸையும் தனித்தனியாகத் தண்ணீரில் நனைத்து உலர்த்திய பிறகே தையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் லேஸ் மட்டும் சுருங்கி, கரை முழுக்கச் சுருக்கம் விழும். பிற்காலப் படத்தை எடுத்துக்கொண்டால் முந்தானையை வலது தோளையும் சுற்றிப் போர்த்திவிடுங்கள். தோள் இணைப்புத் தையலும் அதில் மறைந்துவிடும்.

இனி முகம். துணி வெட்டும் திசையிலிருந்தே அது தொடங்குகிறது. தறித்துணி ஊடை (குறுக்கு இழை) வாக்கில் கூடுதலாக இழுபடும், பாவு (நீள இழை) வாக்கில் குறைவாக இழுபடும். தலைத்துண்டில் பாவு மேல்கீழாக இருந்தால் பஞ்சு அடைத்ததும் கன்னம் அகலமாகும். குறுக்காக இருந்தால் முகம் நீளும். எம்.எஸ்.ஸின் வட்ட முகத்துக்கு மேல்கீழாக வெட்டுங்கள். பாரதியார் செய்யும்போது குறுக்காக வெட்டலாம்.

கண்களைப் பாதி மூடியதாக வைப்பதே என் சிபாரிசு. பாடும் பாவமும் வரும், இரண்டு கண்மணிகளும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லையே என்ற தொல்லையும் இருக்காது. ஆறிழை எம்பிராய்டரி நூலிலிருந்து ஒற்றை இழை பிரித்து, இமைக்குக் காம்புத் தையலில் ஒரு வளைவு போடுங்கள், புருவத்துக்கு இரண்டிழை. ஊசியைத் தலையின் பின்பக்கத்திலிருந்து செலுத்தினால் முடிச்சுகள் கூந்தலுக்குள் மறையும். இதற்கு 10 செ.மீ.க்குக் குறையாத மெத்தை ஊசி வேண்டும். பொட்டு, அதற்கு மேல் விபூதிக் கீற்று, இரு பக்க வைர மூக்குத்தி, நெற்றியோரம் புரளும் சுருள்முடி ஆகிய நாலும் அவருக்கே உரியவை. மூக்குத்திக்குக் கண்ணாடி மணி பெரிதாகிவிடும். ஒரு மி.மீ. ஒட்டுக்கல் போதும். மல்லிகைச் சரத்துக்கு வெள்ளை நூலில் நெருக்கமான முடிச்சுத் தையல் போடுங்கள்.

நிறத்துக்கு எந்தத் துணி? கடையில் ‘ஸ்கின் கலர்’ என்று தருவது ரோஜா நிறமாக இருக்கிறது.
– வாசகி, தூத்துக்குடி

அது நம் ஆட்களின் நிறமே அல்ல. நம் வித்வான்களை வெளுத்த தோலோடு செய்வது அவர்களைப் பற்றிய பொய். வெளுக்காத பருத்தித் துணியான காடாவை வாங்கி நீங்களே நிறமேற்றுங்கள். முதலில் சலவை சோடா போட்ட வெந்நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டுக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும். கஞ்சி இருந்தால் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஒரு மீட்டர் துணிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஆறு தேக்கரண்டி தேயிலைத் தூள். கொதித்ததும் வடிகட்டி, ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்து, நனைத்துப் பிழிந்த துணியை அதில் அமிழ்த்துங்கள். மாநிறத்துக்கு இருபது நிமிடம். இன்னும் கருமைக்குத் தேயிலையைக் கூட்டி, காபித் தூளும் சேருங்கள். அடிக்கடி புரட்ட வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறும் என்பதால், ஒரு சிறு துண்டை முதலில் தோய்த்து இஸ்திரி போட்டு உலர்த்திப் பார்த்து நேரத்தைத் தீர்மானியுங்கள். தலை, கை, கால் எல்லாத் துண்டுகளையும் ஒரே முறை தோய்த்த துணியிலிருந்தே வெட்டுங்கள். அடுத்த முறை தோய்ப்பதில் அதே நிறம் வராது.

நாலைந்து வாரத்தில் தலை முன்னால் சாய்ந்துவிடுகிறது. ஏன்?
– வாசகி, கோவை

கழுத்தில் பஞ்சு போதவில்லை. பஞ்சு நாளாக ஆக அமுங்கும். அதற்கு மேல் கம்பளி நூல் கூந்தலும் கொண்டையும் சேர்ந்து தலையின் பாரத்தைக் கூட்டுகின்றன. 40 செ.மீ. பொம்மைக்கு 120 முதல் 150 கிராம் ரெக்ரான் (செயற்கை இழை) பஞ்சு பிடிக்கும். அதில் கழுத்துக்குள் போவது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தை மொச்சைக் கொட்டை அளவு சிறு சிறு உருண்டைகளாக, குச்சியால் குத்திக் குத்தி, விரலால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு அடைக்க வேண்டும். பெரிய உருண்டையாகத் திணித்தால் நடுவில் வெற்றிடம் விழும், கழுத்து அங்கேதான் மடியும்.

கழுத்தின் அகலமும் 3 செ.மீ.க்குக் குறையக் கூடாது. உள்ளே 8 செ.மீ. நீளத்தில் 6 மி.மீ. மூங்கில் குச்சி ஒன்றை வையுங்கள். தலைக்குள் 3, கழுத்தில் 2, மார்புக்குள் 3 செ.மீ. இருக்கட்டும். இரு முனையையும் உப்புத்தாளில் தேய்த்து மழுக்கி, பஞ்சும் துணியும் சுற்றிய பிறகே நுழையுங்கள். செய்து முடித்த பொம்மையையும் காப்பாற்றலாம்: பின்னந்தலையில் கூந்தலுக்கு அடியில் 3 செ.மீ. தையலைப் பிரித்து, குச்சியை இறக்கி, சுற்றிலும் பஞ்சு அடைத்து மறைதையலால் மூடுங்கள்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரம் வாசிக்கும் பொம்மை செய்ய ஆசை. விரல்கள் சரியாக வரவில்லை, வாத்தியமும் கையில் நிற்கவில்லை.
– வாசகர், மயிலாடுதுறை

அருமையான தேர்வு. கிராப்பு வைத்து, ஷெர்வானி அணிந்து மேடையேறியவர். அந்த இரண்டும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. குடுமியும் பஞ்சகச்சமும் வைத்துவிடாதீர்கள், அது வேறு வித்வான் ஆகிவிடும்.

நாலரை செ.மீ. கையில் ஐந்து விரல்களையும் தனித்தனியாகத் தைத்துத் திருப்புவது பழகியவர்களுக்கே கஷ்டம். கட்டைவிரலை மட்டும் தனியாகப் பிரித்து, மற்ற நாலு விரலையும் ஒரே பையாகத் தைத்துத் திருப்புங்கள். மெல்லிய பஞ்சுத் தகடு வைத்து, விரல்களுக்கு நடுவே மேலிருந்து தையல் ஓட்டினால் நாலு விரல் தெரியும். தையல் நீளம் 1.5 மி.மீ. இருக்கட்டும், அதற்கு மேல் போனால் வளைவில் கோணல் விழும். கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே உள்ள கவட்டில் தையல் வரை, ஓரிழை விட்டு, கத்தரிக்க வேண்டும். இதற்குப் பயந்து விட்டுவிடுவதால்தான் திருப்பிய பிறகு அங்கே சுருக்கம் நிற்கிறது. பிரிந்துவிடுமோ என்றிருந்தால் வெட்டுவதற்கு முன் துணிப்பசை ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள்.

விரல் வளைய உள்ளே கம்பி வேண்டும். மோட்டார் காயில் சுற்றும் தாமிரக் கம்பி 22 கேஜ் நல்லது. பைப் கிளீனர் வேண்டாம், அதன் உள்ளே இருப்பது இரும்பு. ஐப்பசி ஈரத்தில் துருப்பிடித்து, துணியின் மேல் பழுப்புக் கறை எழும். கம்பி முனைகளை மடித்து நூல் சுற்றாமல் விட்டால் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

நீளமான வகையான பாரி நாகஸ்வரம் நாலில் ஒரு பங்கில் 22 செ.மீ. வரும். கெட்டிக் காகிதத்தை ஒரு முனை குறுகலாகவும் மறுமுனை அகலமாகவும் சுருட்டிப் பசை போட்டுக் காயவைத்து, நாகஸ்வரம் கடையும் ஆச்சா மரத்தின் கரும்பழுப்பை அடியுங்கள். ஒரே தடிமனான குச்சி வைத்தால் புல்லாங்குழல் போலாகிவிடும். முன்பக்கம் விரல் துளைகள் ஏழு. அடிமுனையில் புனல் போல விரியும் அணசைத் தனியாகச் செய்து ஒட்டுங்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளிக்கு 6 மி.மீ. அகலத்தில் பனையோலைத் துணுக்கு அமையும். சீவாளியைப் பொருத்தும் சிறு உலோகக் குழாயான கெண்டைக்குப் பித்தளைக் கம்பியில் ஒரு சுற்று. மாற்றுச் சீவாளிகளும் ஊசியும் நூலில் கோத்துத் தொங்குவதை மறக்காமல் வையுங்கள். நாகஸ்வரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இடது கை மேலே, வலது கை கீழே. வாத்தியத்தைக் கையில் ஒட்டக் கூடாது. பசை துணியில் ஊறிப் பளபளக்கும், எடுத்துவைக்கும்போது கழற்றவும் முடியாது. குழலின் பின்பக்கம் இரண்டு சிறு துளையிட்டு, அதே நிற நூலில் வளையம் போட்டு உள்ளங்கையில் மாட்டுங்கள். வாத்தியத்தின் பாரம் பொம்மையை முன்னே கவிழ்க்கும். உட்காரும் இடத்தில் கழுவி உலர்த்திய பொடிக்கல் 200 கிராமைத் தனித் துணிப் பையில் தைத்து, சற்றுப் பின்தள்ளி வையுங்கள்.

கண்ணுக்கு வண்ணம் தீட்டினால், தாளில் மை ஊறுவது போலப் பரவுகிறது.
– மாணவி, யாழ்ப்பாணம்

பருத்தி இழை தண்ணீரை உறிஞ்சி இழுத்துச் செல்கிறது. அக்ரிலிக் வண்ணத்தில் தண்ணீர் சேர்க்காதீர்கள். துணிக்கான மீடியம் மட்டும் கலந்து, தூரிகையைத் துணியில் ஒற்றியெடுத்துவிட்டுத் தீட்டுங்கள். பஞ்சு அடைத்த பிறகுதான் தீட்ட வேண்டும். தட்டையான துணியில் வரைந்த வட்டக் கண்மணி, அடைத்ததும் பக்கவாட்டில் இழுபட்டு நீள்வட்டமாகும். தண்ணீரில் அழியும் பேனாவால் கோடு போட்டால் அதன் மேல் இஸ்திரிச் சூடு படக் கூடாது, பட்டால் அழியாது. தேயிலைச் சாயமிட்ட துணியில் ஈரம் வட்டக் கறையாகும் என்பதால், அதற்கு வெளிர்நிறப் பென்சிலே நல்லது.

இப்போது பாடிக்கொண்டிருக்கும் இசைக்கலைஞர்களைப் பொம்மையாகச் செய்து விற்கலாமா?
– வாசகி, சென்னை

வீட்டுக் கொலுவுக்கோ அவருக்கே பரிசளிக்கவோ செய்வதில் சிக்கல் இல்லை. பெயரைப் போட்டு விற்பதானால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிரபலமானவரின் பெயரும் உருவமும் பாணியும் அவருக்கே உரியவை என்பதை ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில் 2015இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ‘நாகஸ்வர வித்வான்’, ‘வீணை வாசிக்கும் பெண்’ என்று பொதுவாகச் செய்து விற்பதில் இந்தத் தொல்லை கிடையாது.

கொலு முடிந்ததும் எப்படி எடுத்துவைப்பது? போன வருடம் பூஞ்சை பிடித்து, ஜரிகையும் கறுத்துவிட்டது.
– வாசகி, நாகர்கோவில்

பண்ருட்டி, விளாச்சேரி மண் பொம்மைகளைப் போல வைக்கோலும் செய்தித்தாளும் சுற்றித் துணிப் பொம்மையை வைக்கக் கூடாது. வைக்கோல் ஈரத்தையும் பூச்சியையும் கொண்டுவரும். செய்தித்தாள் மை ஒட்டும். பொம்மையை ஒரு நாள் நிழலில் காற்றாட வையுங்கள். வெயில் வேண்டாம், தேயிலை நிறம் வெளுத்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, வாத்தியத்தையும் நகைகளையும் கழற்றி, துவைத்த மல் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் அடைபடும். ரப்பர் பேண்ட் போடவே போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் ஜரிகையைக் கறுக்கவைக்கும். நாப்தலீன் உருண்டை தெர்மகோலை இளக்கும் என்பதால், தம்புராக் குடத்தோடு அதை ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம். வசம்புத் துண்டுகளை ஒரு சிறு பையில் கட்டிப் பெட்டியின் மூலையில் போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும், தை மாத வாக்கில் ஒரு முறை பெட்டியைத் திறந்து காற்றுப்பட வையுங்கள்.