ஊருக்கு எதற்குப் பொய்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறோம், கிரீன் கார்டு உண்டு. மகன் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரி) முதல் வருடம், உயிரியல். ஊரில் என் சித்தப்பாவிடம் மட்டும் 'யூனிவர்சிட்டி' என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஆராய்ச்சி வாய்ப்பு கேட்டுப் பெர்க்லி, ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் நாற்பது பேருக்கு மெயில் போட்டான். ஒரு பதிலும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: நாற்பது மெயில் இருக்கட்டும். சித்தப்பாவிடம் எதற்கம்மா பொய்? நீங்கள் போனில் அதைச் சொல்லும்போது பையன் பக்கத்து அறையில்தானே இருக்கிறான்? அந்த மெயிலில் ஒன்றைத் திறந்து பாருங்கள், தன் காலேஜ் பெயரை எழுதியிருக்கிறானா என்று. பெற்றவர்கள் கூசுகிற பெயரைப் பிள்ளை எப்படி எழுதுவான்?

கூத்து என்னவென்றால், அந்தப் பெயருக்கென்றே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க எரிசக்தித் துறை தன் தேசிய ஆய்வுக்கூடங்களில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்காகவே கோடையில் உதவித்தொகையோடு 10 வாரப் பயிற்சி தருகிறது. உங்கள் பக்கத்து லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடமும் அதில் உண்டு. கிரீன் கார்டு போதும். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் 'ஆர்இயூ' என்கிற, இளங்கலை மாணவர்களுக்கான கோடை ஆராய்ச்சித் திட்டங்களும் இருக்கின்றன. இடத்துக்கு இடம் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி. ஜனவரி, பிப்ரவரியில் பெரும்பாலும் கதவை மூடிவிடுவார்கள்.

பிள்ளைகள் இடறி விழுவது பரிந்துரைக் கடிதத்தில். பெரும்பாலும் இரண்டு வேண்டும். குடும்ப நண்பரான டாக்டர் மாமாவிடம் வாங்கிக் கொடுக்காதீர்கள், பாடம் எடுத்தவர்தான் எழுத வேண்டும். 'ஏ வாங்கினான்' என்று அவர் எழுதிப் பயனில்லை, அது மார்க் பட்டியலிலேயே இருக்கிறது. அவர் எழுத வேண்டியது இந்த மாதிரி: 'ஒரு கிராம் மண்ணைக் கரைத்துப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து தட்டில் பரப்பினான். பாக்டீரியா காலனிகள் எண்ண முடியாமல் மண்டியதும் எந்தக் குழாயில் தப்பு என்று தானே தேடினான்.' இப்படி எழுத அவருக்குப் பையனைத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இந்த செமஸ்டரிலிருந்தே வாராவாரம், ஆசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் 'ஆபீஸ் அவர்ஸி'ல் போய் உட்காரட்டும். கடிதத்தைக் கடைசித் தேதிக்கு நான்கு வாரம் முன்பே கேட்கட்டும். முந்தின நாள் இரவு கேட்டால் இரண்டு வரிதான் வரும்.

மனித மரபணுத் தொகுதியைப் படித்தெடுத்தவர்களில் ஒருவரான கிரெய்க் வென்டர் கல்லூரிப் படிப்பைத் தொடங்கியது சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு அந்தக் கரையில், சான் மாட்டியோ கம்யூனிட்டி காலேஜில். சித்தப்பாவுக்கு அதையும் சொல்லுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே, பையன் காதில் விழும்படி ஸ்பீக்கரில் போட்டு.